படகில் மூன்று பேருக்குத்தான் இடம்

அந்தத் தாளின் கடைசி வரியில் நான் இருந்தேன். நான் என்றால் நான் அல்ல, நான் ஆடுகிற பாட்டுக்காரன். முதல் வரியில் போர்வீரன், இரண்டாவதில் மந்திரவாதி, மூன்றாவதில் திருடி, நான்காவதில் பாட்டுக்காரன். ஒவ்வொருவருக்கும் எதிரே, இரண்டு வருடத்தில் அவரவர் வீழ்த்திய எதிரிகளின் பலத்தைக் கூட்டிப் போட்ட எண். மற்ற மூவருக்கும் நூற்றுக்கணக்கில் இருந்தது. எனக்கு இருபத்திரண்டு. அந்த இருபத்திரண்டு எப்படி வந்தது என்பதுகூட எனக்கு நினைவிருக்கிறது. ஒரு பாதாளச் சாக்கடையில் இரண்டு பெருச்சாளிகள்.

விஷயம் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகக் கதைக்குள் போகிற ஆட்டம் இது. ஒருவர் கதையை நடத்துவார். காடு, கோட்டை, பூதம் எல்லாம் அவர் பொறுப்பு. மற்றவர்கள் "நான் கதவை உடைக்கிறேன்", "நான் ஓடுகிறேன்" என்று சொல்ல வேண்டும். நடக்குமா நடக்காதா என்பதைப் பகடை சொல்லும்.

எங்கள் மேஜை மயிலாப்பூரில், ஒரு டீச்சரின் வீட்டுச் சாப்பாட்டு மேஜை. அவர் கோபாலபுரத்தில் ஒரு சின்னப் பள்ளியில் கணக்கு எடுக்கிறார். ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்கு எங்களுக்குக் கதை நடத்துகிறார். போர்வீரன் பாய். ராயப்பேட்டையில் கார் சீட்டுக்கு உறை தைக்கிற கடை. ஒரு காலத்தில் அவர் தெருவில் கேரம் என்றால் அவர்தான். மந்திரவாதி ஒரு இன்ஜினியர். அடையாரில் கட்டடங்களின் பலத்தைச் சோதிக்கும் ஆபீஸில் வேலை. திருடி, மாட வீதிப் பக்கத்து மாமி. வாரம் முழுக்கப் பிள்ளைகளுக்கு வீணை சொல்லிக்கொடுத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மட்டும் கொஞ்சமும் கூச்சமில்லாமல் பூட்டு உடைப்பவர். நான் மேற்கு மாம்பலத்தில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன்.

தாள் ஏன் வந்தது என்றால், படகினால் வந்தது. இரண்டு வருடக் கதையின் முடிவு ஒரு தீவில் இருந்தது. அங்கேதான் நாங்கள் கொல்லப் புறப்பட்ட கிழட்டு நாகம். கரையில் ஒரே ஒரு படகு, ஒரே ஒரு படகுக்காரன். டீச்சர் அவன் குரலில் சொன்னார்: "மூணு பேரைத்தான் ஏத்துவேன். நாலாவது ஆள் கரையில."

நாங்கள் நான்கு பேர். கரையில் நிற்பவருக்குக் கதையில் வேலை இல்லை. இரண்டு வருடம் சுமந்த கதையின் கடைசி வாரங்களில் அவர் சும்மா உட்கார்ந்து காபி குடிக்கலாம்.

"சண்டைக்குத்தானே போறோம்? சண்டையில யார் எவ்வளவு பிரயோஜனம்னு ஒப்பிட்டுப் பார்த்துடலாம். மனஸ்தாபம் இல்லாம முடியும்" என்றார் இன்ஜினியர். அடுத்த வாரம் தாளோடு வந்தார். யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்காததிலேயே தெரிந்துவிட்டது.

"இன்னும் முடிவு பண்ணலை. ஒரு வாரம் யோசிங்க. அடுத்த ஞாயிறு படகு ஏறணும்" என்றார் டீச்சர்.

ஒரு விளையாட்டுக்கு இவ்வளவு அடித்துக்கொள்வானேன் என்று கேட்கலாம். கேட்டால் நியாயம்தான். ஆனால் என் கதை கொஞ்சம் வேறு.

நான் பத்தாவதுக்கு மேல் படிக்கவில்லை. கற்றதெல்லாம் கடை வாசலில், வருகிறவர்கள் வாயிலிருந்து. எங்கள் தெருப் பூக்கார அம்மா ஒரு நாள் சொன்னாள்: "கட்டத் தெரிஞ்சவளுக்கு உதிரியும் மாலைதான்." ஆட்டோக்காரர் ஒருவர் சொன்னார்: "பிரேக்கு புடிக்கத் தெரிஞ்சவன்தான் வேகமா போவான்." இப்படிக் கேட்பதும், கேட்டதை இன்னொருவரிடம் சொல்வதுமாக என் வியாபாரம் ஓடியது. லென்ஸை எல்லாக் கடையிலும்தான் விற்கிறார்கள். என் கடைக்கு ஜனங்கள் வந்தது பேச.

மூன்று வருடத்துக்கு முன் என் தொண்டையில் முடிச்சு என்று அறுவை செய்தார்கள். இரண்டு மாதம் ஒரு வார்த்தை பேசக்கூடாது. வாயில்லாமல் கடையில் உட்கார்ந்திருந்தேன். பவர் எவ்வளவு என்று தாளில் எழுதிக் காட்டினேன். வந்தவர்கள் பாவம் பார்த்துச் சீக்கிரம் கிளம்பினார்கள். இரண்டு மாதம் கழித்துக் குரல் வந்தபோது அது என் குரல் இல்லை. ஈயப் பாத்திரத்தைத் தரையில் இழுத்த மாதிரி ஒரு சத்தம். எனக்கே வெட்கமாக இருந்தது. பேசலாம் என்று டாக்டர் சொன்ன பிறகும் நான் பேசவில்லை.

டீச்சர் என் வாடிக்கையாளர். ஒரு நாள் கண்ணாடி வாங்க வந்தவர், "எங்க மேஜையில ஒரு ஆள் குறையுது, வர்றீங்களா? நாலே பேர்தான், எல்லாரும் தெரிஞ்சவங்க" என்றார். எதற்கு என்று தெரியாமலே போனேன். மற்ற பாத்திரங்களை ஏற்கெனவே எடுத்துவிட்டிருந்தார்கள். மீதி இருந்தது பாட்டுக்காரன்.

பாய் விழுந்து விழுந்து சிரித்தார். "வீணை மாமி திருடி, தொண்டை கட்டுன ஆளு பாட்டுக்காரன். நல்லா கீது டீச்சர் உங்க கம்பெனி!"

பாட்டுக்காரனின் வேலை இதுதான். ஒருவர் எதிரியை அடிக்க இருபது முகப் பகடையை உருட்டுவார். எதிரியின் கவசத்துக்கு ஒரு எண் உண்டு. உருட்டியது அந்த எண்ணைத் தொட்டால் அடி விழும், தொடாவிட்டால் வாள் காற்றில் போகும். அடிக்கிறவருக்காகப் பாட்டுக்காரன் ஒரு வரி பாடினால், அவர் ஆறு முகச் சின்னப் பகடை ஒன்றையும் உருட்டிச் சேர்த்துக்கொள்ளலாம். அவ்வளவுதான். அவன் கையில் இருப்பது பழம் நறுக்குகிற கத்தி.

எங்கள் மேஜையில் டீச்சர் வைத்த ஒரு வழக்கம் உண்டு. வாயால் செய்வதை வாயால்தான் செய்ய வேண்டும். சும்மா "பாடுகிறேன்" என்று சொல்லிப் பகடையை எடுக்கக்கூடாது. நான் முதல் நாள் திருதிருவென்று விழித்தேன். டீச்சர்தான் வழி சொன்னார்: "பாட வேண்டாம். ஒரு சொலவடை சொல்லுங்க. அதையே பாட்டா எடுத்துக்கறேன்."

அன்று ஒரு பூதத்தின் முன்னால், பாயின் வாளுக்காக, அந்த ஈயப் பாத்திரக் குரலில், "அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும்" என்றேன். பாய் உருட்டினார். அடி விழுந்தது. "அடி சக்கை!" என்று என் முதுகில் அறைந்தார். அதற்கடுத்த வாரத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமைக்காகத் திங்கட்கிழமையே சொலவடை சேர்க்க ஆரம்பித்தேன். சேர்க்க வேண்டுமானால் வருகிறவர்களிடம் பேச வேண்டுமே. பேசினேன். என் குரலை நான் திரும்ப எடுத்துக்கொண்டது அந்தச் சாப்பாட்டு மேஜையில்தான். அதனால்தான் அந்தக் கடைசி வரியை என்னால் வெறும் விளையாட்டு என்று விட முடியவில்லை.

அந்த வாரம் முழுக்கப் பெரிய மனிதனாக நடந்துகொள்ளப் பயிற்சி எடுத்தேன். "நானே கரையில் நின்னுக்கறேன், நீங்க ஜெயிச்சிட்டு வாங்க" என்று கண்ணாடி முன் சொல்லிப் பார்த்தேன். கடையில் கண்ணாடிக்கா பஞ்சம்? எந்தக் கண்ணாடியிலும் முகம் ஒத்துழைக்கவில்லை.

புதன்கிழமை பாய் கடைக்கு வந்தார். ஊசியில் நூல் கோக்கக் கண் தெரியவில்லையாம். அவர் மூக்கில் சோதனைச் சட்டத்தை மாட்டி, லென்ஸை ஒவ்வொன்றாகப் போட்டேன்.

"இது தெளிவா, முன்ன போட்டது தெளிவா?"

"இன்னா நைனா, மூஞ்சிய தொங்கப் போட்டுக்கினு கீற?"

"எழுத்தைப் பாருங்க பாய். இது தெளிவா?"

"எழுத்து கெடக்கட்டும். உன் மூஞ்சிதான் தெளிவா தெரியுது. அந்தத் தாள்தானே?"

இன்னொரு லென்ஸைப் போட்டேன். பாய் எழுத்துப் பலகைப் பக்கம் திரும்பினார். பிறகு, படித்துக் காட்டுகிற தொனியிலேயே சொன்னார்: "இன்ஜினியர் எந்த நோட்டைப் பார்த்துக் கூட்டுனாரு, தெரியுமா?"

"உங்க நோட்டு."

"என் நோட்டு. நா எப்படி எழுதிக்கினு வந்தேன்னு யாராவது கேட்டீங்களா?"

அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. சண்டைகளைக் குறித்துவைக்கும் பொறுப்பை முதல் நாளே பாய் எடுத்துக்கொண்டார். கேரம் கிளப்பில் நோட்டு எழுதிய கை அது. காயை யார் குழியில் போட்டானோ அவன் பேரில் எழுதுவது அவர்கள் கிளப் வழக்கம். இங்கேயும் அப்படியே எழுதியிருக்கிறார். எல்லோரும் சேர்ந்து அடித்துச் சாகக் கிடந்த ராட்சசனைக் கடைசியாகத் தட்டியது யாரோ, ராட்சசன் முழுசாக அவர் பேரில்.

"கேரம்ல ஜோடியா ஆடச்சொல்லோ, ஒருத்தன் காயை ஓரமா தள்ளிக் குடுப்பான், இன்னொருத்தன் போடுவான். போட்டவனைத்தான் ஊரு தோள்ல தூக்கும். தள்ளிக் குடுத்தவன் டீ வாங்கியாரப் போவான். நா ரெண்டு வேலையும் செஞ்சவன் நைனா. எனக்குத் தெரியும், தெரிஞ்சே எழுதிட்டேன். பழக்க தோசம்." சட்டத்தைக் கழற்றி என் கையில் கொடுத்தார். "ஞாயித்துக்கிழமை நானே சொல்றேன். என் நம்பரும் இறங்கும். இறங்கட்டும்."

"உங்களைக் கரையில விட்டுட்டா?"

"போர்வீரனைக் கரையில வுட்டுட்டு நாகத்தோட சண்டையா? ஜாதகம் பார்க்கவா போறாங்கோ?" என்று சிரித்தார். ஆனால் கதவருகில் ஒரு முறை நின்று திரும்பி, "வுட்டுட மாட்டாங்க இல்ல?" என்று கேட்டுவிட்டுத்தான் போனார்.

ஞாயிற்றுக்கிழமை டீச்சர் பகடைகளை வெளியே எடுப்பதற்கு முன்பே பாய் சொல்லிவிட்டார். இன்ஜினியர் தன் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவருக்கோ தப்பான அஸ்திவாரம் கண்ணில் பட்ட சந்தோஷம்.

"அப்ப இது ஒப்பீடே இல்லை. யார் கடைசியா நின்னாங்கங்கற லிஸ்ட்டு. டீச்சர், உங்க நோட்டுல ஒவ்வொரு உருட்டலும் இருக்குமே?"

கணக்கு டீச்சர் அல்லவா, இருந்தது. யார் எத்தனை உருட்டினார், அடி எவ்வளவு, பாட்டுக்காரனின் சின்னப் பகடை எங்கே சேர்ந்தது எல்லாம். சின்னப் பகடையைச் சுற்றி மட்டும் பச்சை மையில் வட்டம் போட்டிருந்தார். இன்ஜினியர் கடைசிப் பத்துச் சண்டைகளை எடுத்துக்கொண்டு மேஜை மூலைக்கு நகர்ந்தார். எங்கள் காபி முடிந்தது. மாமி கொண்டுவந்த தேங்காய் பர்பியும் முடிந்தது.

"ஏன் சார், இவ்வளவு நேரம்? நான் இதுக்குள்ள ரெண்டு கஜானாவைக் காலி பண்ணிண்டு வந்திருப்பேன்" என்றார் மாமி.

"ஒரு தூண் எவ்வளவு பாரம் தாங்குதுன்னு பாக்கறது ஒரு கணக்கு மாமி. அந்தத் தூணை உருவிட்டா கட்டடம் என்ன ஆகும்னு பாக்கறது வேற கணக்கு. நான் போன வாரம் முதலாவதைக்கூட ஒழுங்காப் பண்ணலை. இப்ப ரெண்டாவதைப் பண்றேன்."

பிறகு படித்தார். பாயின் வாளால் விழுந்த அடிகளில் மூன்றில் ஒரு பங்கு, அந்தச் சின்னப் பகடை இல்லாவிட்டால் காற்றில் போயிருக்கும். மாமியின் கத்திக்கும் ஏறக்குறைய அதே கதை. பாட்டுக்காரனை உருவினால் பத்தில் நான்கு சண்டைகளில் நாங்கள் பிழைத்திருக்க மாட்டோம். அவன் கையால் விழுந்தது அப்போதும் அந்த இரண்டு பெருச்சாளிதான். அதை யாராலும் ஏற்ற முடியவில்லை.

"யோவ், பச்சை வட்டம் பூரா நீதான்யா!" என்று பாய் என் தோளைப் பிடித்து உலுக்கினார். எனக்கு மூச்சு லேசாக வந்தது. ஒரு வாரமாக இறுக்கிக் கட்டியிருந்த ஏதோ ஒன்றை யாரோ அவிழ்த்த மாதிரி இருந்தது.

இன்ஜினியர் இன்னும் படித்துக்கொண்டிருந்தார். அதே குரலில், எதையும் மாற்றாமல், தன் பாத்திரத்தின் வரியை. "மந்திரவாதி. இவனோட மந்திர அம்பு தவறவே தவறாது. அதனால சாகக் கிடக்கறதை முடிச்சு வைக்கற வேலை எப்பவும் இவனுக்கு. பாய் நோட்டுல இவன் ரெண்டாவதா வந்தது அதனாலதான். பெரிய மந்திரத்தையெல்லாம் முதல் அறையிலேயே செலவு பண்ணிடறான். இவனை உருவினா," விரலைத் தாளில் வைத்தார், "பத்துச் சண்டையில ஒண்ணுதான் தோக்கும். கடைசி வரி இவன்."

அவர் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "சரி. கணக்கு தெளிவா இருக்கு. நான் கரையில நிக்கறேன். நீங்க ஜெயிச்சிட்டு வாங்க."

நான் கண்ணாடி முன் ஒரு வாரம் பழகிய வாக்கியம் அது. அவர் முகமும் ஒத்துழைக்கவில்லை. இரண்டு வருடமாக அடையாரிலிருந்து, மெட்ரோ வேலைக்காகத் தோண்டிய தெருவையெல்லாம் சுற்றிக்கொண்டு, ஒரு ஞாயிறு தவறாமல் வந்தவர். என்னைக் கடைசி வரியிலிருந்து எடுத்த அதே கணக்கு அவரை அங்கே உட்கார வைத்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நான் எப்படிப் படகில் ஏறுவது?

"டீச்சர், அந்தப் படகுல மொத்தம் எத்தனை பேர் உட்காரலாம்?" என்றேன்.

"நாலு."

"மூணு பேர்தான்னு சொன்னீங்களே?"

"மூணு பேரைத்தான் ஏத்துவேன்னு படகுக்காரன் சொன்னான். நாலாவது அவன்."

மாமிதான் முதலில் தலையில் அடித்துக்கொண்டார். "கஷ்டம்! ரெண்டு வாரமா நம்மளையே எடை போட்டுண்டிருந்தோமே, அவன் எதுக்கு வரான்னு ஒருத்தராவது கேட்டோமா?"

"துடுப்பை நா போடறேன். இன்னாத்துக்கு அவன்?" என்றார் பாய்.

"அவன் சம்மதிக்கணும். படகை விட்டுட்டு அவன் கரையில நிக்கணும்" என்று டீச்சர் என்னைப் பார்த்தார். "வாயால பண்றதை..."

"வாயால பண்ணணும்" என்றேன்.

நான் எழுந்து நின்றேன். ஏன் நின்றேன் என்று தெரியாது, கடையில் முக்கியமான வாடிக்கையாளருக்கு நிற்பேன், அந்தப் பழக்கமாக இருக்கும். டீச்சர் படகுக்காரனாகிக் கையைக் கட்டிக்கொண்டார்.

"ஓடமும் ஒரு நாள் வண்டியில் ஏறும்னு சொல்லுவாங்கண்ணே," என்று ஆரம்பித்தேன்.

"என் ஓடம் எந்த வண்டியிலயும் ஏறாது. இருவது வருசமா என் கையை விட்டுப் போனதில்லை. இது இல்லன்னா நான் யாரு?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் சேர்த்து வைத்த சொலவடை எதுவும் இல்லை. பூக்கார அம்மா, ஆட்டோக்காரர் எல்லோரையும் தேடினேன். யாரும் கைகொடுக்கவில்லை. அதனால் தெரிந்ததைச் சொன்னேன்.

"எனக்கும் தொழிலுக்கு இருந்தது ஒண்ணே ஒண்ணுதாண்ணே. என் குரல். ரெண்டு மாசம் என் கையை விட்டுப் போச்சு. இனிமே நான் யாரும் இல்லேன்னுதான் உட்கார்ந்திருந்தேன். திரும்பி வந்துச்சு. முன்ன மாதிரி இல்ல, கேக்கறீங்க இல்ல, இப்படித்தான் வந்துச்சு. ஆனா வந்தப்புறம், அது இல்லாத ரெண்டு மாசமும் நான் நானாத்தான் இருந்திருக்கேன்னு தெரிஞ்சுது. உங்க படகு..."

அங்கே குரல் நின்றுவிட்டது. வாய் அசைகிறது, காற்று மட்டும் வருகிறது. பாய் வெந்நீர் டம்ளரை என் பக்கம் தள்ளினார். டீச்சர் கையைக் கட்டியபடியே காத்திருந்தார். படகுக்காரனுக்கு அவசரம் இல்லை. இரண்டு வாய் குடித்தேன்.

"உங்க படகைத் திருப்பிக் கொண்டாந்து இதே இடத்துல கட்டுவோம்" என்று முடித்தேன். பாதிதான் கேட்டிருக்கும்.

"பன்னிரண்டு வேணும்" என்றார் டீச்சர்.

உருட்டினேன். ஒன்பது.

மாமி "ஐயோ" என்றார். பாய் மேஜையைத் தட்டினார். அப்போது இன்ஜினியர் கை தூக்கினார், வகுப்பில் பையன்கள் தூக்குகிற மாதிரி.

"டீச்சர், அவர் எல்லாருக்கும் சின்னப் பகடை குடுக்கறார். அவருக்கு யாரும் குடுத்ததே இல்லை. நான் குடுக்கலாமா?"

"மந்திரவாதிக்கு அந்த வித்தை கிடையாது. ஆனா சொல்லுங்க, கேக்கறேன்."

இன்ஜினியருக்கு முகம் சிவந்துவிட்டது. இரண்டு வருடத்தில் அவர் ஒரு சொலவடை சொல்லி நாங்கள் கேட்டதில்லை. "எங்க சைட்டுல ஒரு மேஸ்திரி சொல்வார். ‘ஒத்தைத் தூணு நிழலுக்கு ஆகும், கூரைக்கு ஆகாது.’"

நான் கேட்டிராத சொலவடை. எழுதி வைத்துக்கொள்ளப் பேனாவைத் தேடினேன்.

"செல்லும்" என்றார் டீச்சர்.

சின்னப் பகடையை இன்ஜினியரே உருட்டினார். மேஜை விளிம்பு வரைக்கும் போய், பர்பித் தட்டில் மோதி நின்றது. நான்கு. ஒன்பதும் நான்கும் பதின்மூன்று.

பாய் போட்ட கூச்சலில் கீழ் வீட்டிலிருந்து என்னமோ ஏதோவென்று ஒருவர் மேலே ஏறி வந்துவிட்டார். "ஒண்ணுமில்லை, எங்களுக்குப் படகு கிடைச்சுடுத்து" என்று மாமி அவருக்கு விளக்கம் சொன்னார். அவர் இன்னும் குழம்பிப்போய் இறங்கினார். படகுக்காரன் கரையில் உட்கார்ந்துகொண்டான். நாங்கள் நான்கு பேரும் ஏறினோம். இன்ஜினியர் சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்து, கிழிப்பார் என்று பார்த்தால், பின்பக்கத்தில் தீவின் படத்தை வரைய ஆரம்பித்துவிட்டார்.

ஆறரைக்கு அங்கிருந்து கிளம்பி தி. நகர் பஸ்ஸில் ஏறினேன். கண்டக்டர் வந்தார். "எங்க?" என்றார். வாயைத் திறந்தேன். சுத்தமாக ஒன்றும் இல்லை. முன்பெல்லாம் இப்படி ஆனால் அடுத்த ஸ்டாப்பில் இறங்கி நடந்துவிடுவேன். அன்று சிரிப்பு வந்தது. வெளியே கை நீட்டி, தூரத்தைக் காட்டி, கடைசி ஸ்டாப் என்று ஜாடை செய்தேன்.

"இன்னா சார், வாய் நிறைய வெத்தலையா?" என்றார்.

ஆமாம் என்று தலையாட்டினேன். டிக்கெட்டின் பின்பக்கத்தில் அந்த மேஸ்திரியின் வாக்கியத்தை, மறந்துபோவதற்குள், பொடி எழுத்தில் எழுதிக்கொண்டேன்.